தாத்தா வீட்டுத் துப்பாக்கி: பழம்பொருளா, ஆயுதமா?

(இது எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக அங்கங்கே சுருக்கி, திருத்தியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

பழைய பொருள் சேகரிக்கிறதைப் பத்திப் பேசுவோம்னு சொன்னதிலிருந்து நாணயம், கேமரா, டைப்ரைட்டர்னு நிறைய மெயில் வந்துச்சு. ஆனா மூணு மெயில் மட்டும் வேற ரகம். மூணுமே துப்பாக்கி.

முதல் மெயில்: ஊர்ல தாத்தா வீட்டை இடிச்சுக் கட்டப் போறாங்க. பரண்ல ஒரு நீளமான பழைய துப்பாக்கி கிடைச்சிருக்கு. லைசன்ஸ் பேப்பர் எதுவும் காணோம். "நூறு வருஷப் பொருள்தானே, பாலிஷ் போட்டு ஹால்ல மாட்டிக்கலாமா?"

இரண்டாவது: டெக்சாஸ்ல வேலை பார்க்கிற ஒருத்தர். அங்க ஒரு கண்காட்சியில உள்நாட்டுப் போர் காலத்து ரிவால்வரோட ரெப்ளிக்கா, எந்தப் பேப்பரும் இல்லாம விக்கிறாங்களாம். "ஊருக்கு வரும்போது பெட்டியில போட்டு எடுத்துட்டு வரலாமா?"

மூணாவது: சென்னையில ஃப்ளாட் வாங்கியிருக்கிற ஒரு ஜோடி. சுவர்ல அழகுக்கு ஒரு பழங்காலத் துப்பாக்கி மாடல் மாட்டணும். அவ்வளவுதான்.

மூணுமே சின்னக் கேள்வி மாதிரி இருக்கு. ஆனா தப்பான பதில் சொன்னா ஒருத்தர் ஜெயிலுக்குப் போகலாம், இன்னொருத்தர் விரலை இழக்கலாம். அதனால இன்னிக்கு முழு எபிசோடும் இதுக்குத்தான். நான் வக்கீல் இல்ல, கோடு எழுதுற ஆள். சட்டம் எழுதியிருக்கிற லாஜிக்கைப் பிரிச்சுக் காட்டுறேன். முடிவு எடுக்கும்போது உங்க ஊர் அதிகாரிகிட்டயும் ஒரு வக்கீல்கிட்டயும் கேட்டுக்கோங்க.

முதல்ல, பழைய துப்பாக்கி எப்படி வேலை செய்யும்?

சட்டம் புரியணும்னா கொஞ்சம் மெக்கானிசம் தெரியணும். ஏன்னா சட்டத்தோட கோடுகள் எல்லாம் மெக்கானிசம் மேலதான் போட்டிருக்கு.

பழைய துப்பாக்கியில தோட்டான்னு ஒரு தனிப் பொருளே கிடையாது. குழலோட வாய் வழியா கருமருந்தைக் கொட்டி, மேல ஈய உருண்டையைப் போட்டு, கம்பியால கெட்டிக்கணும். இதுதான் மஸில் லோடர். நம்ம ஊர்ல நாட்டுத் துப்பாக்கின்னு சொல்றதும் பெரும்பாலும் இதே வகைதான். உள்ள இருக்கிற மருந்தை எப்படிப் பத்த வைக்கிறோம்கிறதுல மூணு தலைமுறை இருக்கு.

முதல் தலைமுறை மேட்ச்லாக். எரிஞ்சுக்கிட்டே இருக்கிற ஒரு திரி. ட்ரிகரை இழுத்தா அந்தத் திரி கீழே வந்து மருந்தைத் தொடும். இந்தியாவுல இதை தொராதார்னு சொல்லுவாங்க. ஐரோப்பா இதைக் கைவிட்டு ரொம்ப நாள் கழிச்சும் நம்ம பக்கம் இது ஓடிக்கிட்டே இருந்துச்சு. செய்யவும் சுலபம், ரிப்பேர் பண்ணவும் சுலபம்.

இரண்டாவது ஃப்ளின்ட்லாக். திரிக்குப் பதிலா சிக்கிமுக்கிக் கல். அது எஃகுல உரசி, வர்ற தீப்பொறி மருந்தைப் பத்த வைக்கும். திப்பு சுல்தான் காலத்துத் துப்பாக்கிகள்ல இதைப் பார்க்கலாம்.

மூணாவது பெர்கஷன் கேப். 19ஆம் நூற்றாண்டு. தீபாவளிக்கு கேப் துப்பாக்கியில சுருள் போட்டு அடிச்சிருப்பீங்கல்ல? சுத்தி மாதிரி ஒரு பாகம் அடிச்சதும் ஒரு பொட்டு வெடிக்கும். அதே ஐடியாதான். அந்தப் பொட்டு வெடிச்சு வர்ற நெருப்பு உள்ளே போய் மருந்தைப் பத்த வைக்கும்.

இதுக்கப்புறம்தான் கதை மாறுது. கேப்பு, மருந்து, குண்டு மூணையும் ஒரே உலோகக் கூட்டுக்குள்ள அடைச்சாங்க. அதுதான் தோட்டா. 1884ல் பிரான்ஸ்ல பால் வியெய் புகையில்லா வெடிமருந்தைக் கண்டுபிடிச்சார். அந்த மருந்தை வச்சு 1886ல் லெபெல் ரைஃபிள் வந்தது. அடுத்த பத்து வருஷத்துல உலகத்துல இருந்த ராணுவத் துப்பாக்கி எல்லாமே பழசாப் போச்சு.

இந்த இடத்தை மனசுல வச்சுக்கோங்க. எது ஆன்டிக், எது நவீனம்னு பல நாட்டுச் சட்டங்கள் கோடு கிழிக்கிறது இதைச் சுத்தித்தான்.

மூணு நாடு, மூணு இஃப் கண்டிஷன்

"இது பழம்பொருளா?" அப்படின்னு ஒரு ஃபங்ஷன் எழுதச் சொன்னா, அமெரிக்கா, பிரிட்டன், இந்தியா மூணும் மூணு விதமா எழுதியிருக்கு.

அமெரிக்கா வருஷத்தைப் பார்க்குது. 1968 துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி 1898லயோ அதுக்கு முன்னாடியோ செஞ்சது ஆன்டிக். மத்திய அரசுச் சட்டத்தோட பார்வையில ஆன்டிக்ங்கிறது துப்பாக்கியே இல்ல. படிக்க சுத்தமா இருக்கு. ஆனா எட்ஜ் கேஸைப் பாருங்க. 1896ல் செஞ்ச ஒரு மவுசர் ரைஃபிள், கடையில இன்னிக்கும் கிடைக்கிற தோட்டாவைச் சுடும். அது ஆன்டிக். அதே தொழிற்சாலை, அதே டிசைன், 1899ல் செஞ்சது. அது துப்பாக்கி. ஒரு புத்தாண்டு இரவு தாண்டினதும் பொருளோட ஜாதகமே மாறிடுது.

அமெரிக்காவுல ரெப்ளிக்காவுக்கும் இடம் இருக்கு. நேத்து செஞ்சதா இருந்தாலும், பழைய டிசைனோட நகலா இருந்து, வழக்கமான நவீனத் தோட்டாவைச் சுட வடிவமைக்கப்படாம இருந்தா அதுவும் ஆன்டிக் கணக்குதான். இத்தாலியில பிரெஷ்ஷா பக்கத்துல கார்தோனே வால் த்ரோம்பியான்னு ஒரு பள்ளத்தாக்கு இருக்கு. துப்பாக்கி செய்யறதுதான் பல நூற்றாண்டா அங்கே தொழில். 1851 கோல்ட் நேவி ரிவால்வரோட நகல்கள் அங்கிருந்துதான் அமெரிக்காவுக்குப் போகுது. டெக்சாஸ் நண்பர் பார்த்ததும் அந்த ரகமாத்தான் இருக்கணும். அது நிஜமாவே சுடும். ரெப்ளிக்கான்னு சொன்னதும் பொம்மைன்னு நினைச்சுடாதீங்க.

பிரிட்டன் தோட்டாவைப் பார்க்குது. அங்க கேள்வி, "இதுல போடத் தோட்டா கிடைக்குமா?" 2021ல் வந்த விதிப்படி 1939 செப்டம்பர் 1க்கு முன்னாடி செஞ்சிருக்கணும். அதோட மஸில் லோடர் மாதிரி பழைய முறையில சுடுறதா இருக்கணும், இல்லேன்னா அதுக்கான தோட்டா வழக்கொழிந்த தோட்டாப் பட்டியல்ல இருக்கணும். இன்னொரு நிபந்தனையும் உண்டு: அழகுப் பொருளா, அரும்பொருளா மட்டும்தான் வச்சிருக்கணும். சுடணும்னு நினைச்சா சான்றிதழ் வேணும்.

அந்த 2021 விதி வந்த விதம் முக்கியம். குளோஸ்டர்ஷர் பகுதியில பதிவு பெற்ற ஒரு துப்பாக்கி வியாபாரி, அமெரிக்காவிலிருந்து பழைய ரிவால்வர்களை வாங்கி வந்து, கிடைக்காத தோட்டாவைத் தானே செஞ்சு, குற்றக் கும்பல்களுக்குப் போய்ச் சேர வச்சார். அவர் செஞ்ச தோட்டாக்கள் நூற்றுக்கும் மேற்பட்ட குற்ற இடங்கள்ல கிடைச்சது. 2017ல் அவருக்கு 30 வருஷச் சிறை. "தோட்டா கிடைக்காது, அதனால ஆபத்து இல்ல" அப்படிங்கிற அனுமானத்தையே ஒரு ஆள் உடைச்சுட்டார். புது விதியில ஏழு தோட்டா வகைகளை அந்தப் பட்டியல்லேர்ந்து தூக்கிட்டாங்க. அதுக்கேத்த துப்பாக்கியை நேர்மையா வச்சிருந்த சேகரிப்பாளர்கள் ஒண்ணு லைசன்ஸ் வாங்கணும், இல்ல விக்கணும், இல்ல ஒப்படைக்கணும்.

இந்தியா பார்க்கிறது வருஷமும் இல்ல, தோட்டாவும் இல்ல. நம்ம சட்டத்தோட கேள்வி: "இது சுடுமா?"

இந்தியச் சட்டத்துல ஒரு வார்த்தை

1959 ஆயுதச் சட்டத்தோட 45ஆவது பிரிவு, எதுக்கெல்லாம் இந்தச் சட்டம் பொருந்தாதுன்னு சொல்லுது. அதுல இ-ன்னோ சி-ன்னோ குறிப்பிடுற உட்பிரிவுல, அதாவது மூணாவதா, வழக்கொழிந்த வகை ஆயுதம், தொன்மை மதிப்புள்ள ஆயுதம், பழுதான ஆயுதம் மூணும் வருது. இதோட நிறுத்திட்டுத்தான் பல பேர் "பழசுன்னா பிரச்சனை இல்ல"ன்னு வாட்ஸப்ல போடுறாங்க. வாக்கியம் அங்க முடியல. பழுது நீக்கினாலும் சரி, நீக்காட்டியும் சரி, துப்பாக்கியா பயன்படுத்தவே முடியாததா இருக்கணும்னு அடுத்து சொல்லுது.

"பழுது நீக்கினாலும்." இந்த ஒரு வார்த்தைதான் எல்லாம். துரு ஏறியிருந்தா போதாது. ஸ்பிரிங் உடைஞ்சிருந்தா போதாது. ஒரு நல்ல மெக்கானிக் ரெண்டு நாள் உட்கார்ந்தா சுட வைக்க முடியும்னா, அது இந்த விலக்குக்குள்ள வராது. அதைச் சொல்லவேண்டியது ஆயுத நிபுணர். நீங்களோ நானோ, ஊர்ல இருக்கிற மாமாவோ இல்ல.

இதுல அமெரிக்காவோட நேர்மாறான விளைவைக் கவனிங்க. மலை மாவட்டங்கள்ல லைசன்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கியைப் போலீஸ் பறிமுதல் பண்ற செய்தி அடிக்கடி வரும். தொழில்நுட்பப்படி பார்த்தா அது இருநூறு வருஷம் பழைய டெக்னாலஜி. அமெரிக்காவுல அந்த மெக்கானிசத்தைத் தபால்ல வாங்கலாம். இங்க அது சுடும், அதனால அது துப்பாக்கி. அதே சட்டம் பயிரைக் காப்பாத்த மஸில் லோடருக்கு லைசன்ஸ் கொடுக்கவும் வழி வச்சிருக்கு. அதாவது, பழைய டெக்னாலஜின்னு சும்மா விடல. ஆனா லைசன்ஸுக்குக் கதவைத் திறந்து வச்சிருக்கு.

2020 பிப்ரவரியில ஒரு மாற்றம் வந்தது. மத்திய உள்துறை அமைச்சகம் ஆயுத விதிகளைத் திருத்தி, 'க்யூரியோ' வகையில வர்ற சிறிய ஆயுதங்களை இந்தியக் குடிமக்கள் வாங்கவும் வச்சிருக்கவும் லைசன்ஸ் தேவையில்லைன்னு சொல்லிச்சு. சேகரிப்பாளர்களுக்கு இது பெரிய விஷயம். ஆனா இதுலயும் வாக்கியம் அங்க முடியல. அதைப் பயன்படுத்தணும், எடுத்துட்டுப் போகணும், ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்பணும்னா லைசன்ஸ் வேணும். லைசன்ஸ்ல அந்தத் துப்பாக்கி ஏறலைன்னா அதுக்குத் தோட்டா விக்கக் கூடாது. யோசிச்சுப் பாருங்க: வீட்ல வச்சிருக்கலாம், ஆனா டிக்கியில போட்டு மதுரையிலிருந்து சென்னைக்கு எடுத்துட்டு வந்தா வேற கேஸ். என் பொருள் க்யூரியோதான்னு நீங்களே முத்திரை குத்திக்கிறதும் செல்லாது.

ரெண்டுதான்

லைசன்ஸ் வாங்கிச் சேகரிக்கலாமேன்னு கேட்கலாம். வாங்கலாம். ஆனா எண்ணிக்கை உண்டு. 1983 திருத்தத்துக்கு அப்புறம் ஒருத்தருக்கு மூணு. 2019 திருத்தத்துல அதை ஒண்ணாக் குறைக்கத்தான் முதல்ல மசோதா வந்தது. எதிர்ப்பு வந்ததும் ரெண்டுன்னு நிறைவேத்தினாங்க. பரம்பரையா வந்ததுக்கும் அதே ரெண்டுதான். மூணாவது வச்சிருந்தவங்க ஒரு வருஷத்துக்குள்ள காவல் நிலையத்திலயோ லைசன்ஸ் உள்ள வியாபாரிகிட்டயோ ஒப்படைக்கணும்னு சொன்னாங்க.

இது எங்க வலிக்கும்னு பாருங்க. தாத்தாவோட ரெட்டைக்குழல், அப்பாவோட ரைஃபிள், பெரியப்பா விட்டுட்டுப் போன ஒண்ணு. மூணும் லைசன்ஸோட, தேர்தல் வரும்போதெல்லாம் ஸ்டேஷன்ல ஒழுங்கா ஒப்படைச்சு, ரசீது வாங்கி, திரும்ப எடுத்துட்டு வந்த குடும்பம். அவங்க எந்தக் குற்றமும் பண்ணல. ஆனா எதை விடறதுன்னு தேர்ந்தெடுக்க வேண்டி வந்தது. சட்டத்தோட நியாயமும் புரியுது: வீட்ல துப்பாக்கி அதிகமா இருந்தா, திருட்டுப் போறதுக்கும் தப்பான கைக்குப் போறதுக்கும் வாய்ப்பு அதிகம். ரெண்டு பக்கமும் உண்மை இருக்கு. என் கருத்து, சுடாத பழம்பொருளைத் தனியாப் பதிவு பண்ண எளிமையான, தெளிவான ஒரு வழி இருந்தா ரெண்டு பக்கமும் நிம்மதியா இருக்கும்.

பக்கத்துலயே ஒரு விதிவிலக்கு இருக்கு, தெரியுமா? குடகு. கொடவர்களுக்கும் ஜம்மா நிலம் வச்சிருக்கிறவங்களுக்கும் லைசன்ஸ் இல்லாம துப்பாக்கி வச்சிருக்க பிரிட்டிஷ் காலத்திலிருந்தே சலுகை உண்டு. கைல்போது பண்டிகையில துப்பாக்கிக்குப் பூஜை போடுவாங்க. இந்தச் சலுகையை மத்திய அரசு 2019ல் மறுபடி பத்து வருஷத்துக்கு நீட்டிச்சது. வழக்கு போனப்போ 2021ல் கர்நாடக உயர் நீதிமன்றமும் அது செல்லும்னு சொல்லிடுச்சு.

இன்னொரு சட்டமும் கூடவே வரும்

நூறு வருஷம் தாண்டிட்டா 1972 தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டமும் உள்ளே வரும். தொல்பொருளை வியாபாரமா விக்கிறவருக்கு லைசன்ஸ் வேணும். தனியார் யாரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. மீறினா ஆறு மாசத்திலிருந்து மூணு வருஷம் வரை சிறை. அதனால காரைக்குடி பழம்பொருள் கடையில எனாமல் தட்டு வாங்குற மாதிரி துப்பாக்கியை வாங்கவும் முடியாது, விக்கவும் முடியாது. லண்டன் கஸினுக்கு பார்சல் பண்றது பத்தி நினைக்கவே வேண்டாம்.

தோட்டத்துல தோண்டும்போது கிடைச்சா? 1878 புதையல் சட்டம் இருக்கு. பத்து ரூபாய்க்கு மேல மதிப்புள்ள எதைக் கண்டெடுத்தாலும் கலெக்டருக்குத் தெரிவிக்கணும். அந்தப் பத்து ரூபாய் 1878ஆம் வருஷத்துப் பத்து ரூபாய். இன்னும் மாத்தல.

வெளியே போகிற பழம்பொருளைப் பத்தி எல்லா நாடும் கவலைப்படுது. திப்புவுக்காக 1793-94ல் செஞ்ச ஒரு ஃப்ளின்ட்லாக் வேட்டைத் துப்பாக்கியை பிரிட்டன்லேர்ந்து வெளியே கொண்டு போகப் பார்த்தப்போ, 2023ல் பிரிட்டிஷ் அரசு தற்காலிகத் தடை போட்டது. மதிப்பு 20 லட்சம் பவுண்ட். ஸ்ரீரங்கப்பட்டணத்துத் துப்பாக்கி தங்கள் நாட்டை விட்டுப் போயிடக் கூடாதுன்னு லண்டன் கவலைப்பட்டது. கமென்ட் எதுவும் சொல்ல மாட்டேன், நீங்களே சிரிச்சுக்கோங்க.

இப்போ மூணு மெயிலுக்கும் பதில்

டெக்சாஸ் நண்பருக்கு: எடுத்துட்டு வராதீங்க. அங்க சட்டம் அதை ஆன்டிக்னு சொல்லலாம். நம்ம விமான நிலையத்துல அது சுடக்கூடிய ரிவால்வர். ஆயுதச் சட்டம் 10ஆவது பிரிவுப்படி லைசன்ஸ் இல்லாம ஆயுதத்தை இறக்குமதி பண்ண முடியாது. சுடாத மாடலா இருந்தாலும் கேபின் பையில வைக்க விட மாட்டாங்க. அங்கயே வச்சுக்கிறதா இருந்தாலும் ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க: எச்-1பி மாதிரி விசாவுல இருக்கிறவங்க சாதாரணத் துப்பாக்கி வச்சிருக்க, சில விதிவிலக்குகள் தவிர, மத்திய சட்டம் தடை போடுது. ஆன்டிக் அந்த வரையறைக்கு வெளியே. ஆனா மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும். ஒரு கண்காட்சி ஸ்டால்காரர் சொன்னதை நம்பி விசாவைப் பணயம் வைக்காதீங்க.

ஃப்ளாட் ஜோடிக்கு: உங்களுக்குத்தான் சுலபம். சுடவே முடியாத அலங்கார ரெப்ளிக்கா வாங்குங்க. ஸ்பெயினோட மெனோர்கா தீவுல டெனிக்ஸ்னு ஒரு கம்பெனி இந்த மாதிரி மாடல்களுக்கே பேர் போனது. துத்தநாகக் கலவையில வார்க்கிறாங்க. அந்த உலோகம் வெடி அழுத்தத்தைத் தாங்காது. பாதுகாப்பே மெட்டீரியல்லயே இருக்கு. பில்லோட வாங்கி, பில்லைப் பத்திரமா வைங்க. அதுல எந்த மாற்றமும் பண்ணாதீங்க. போலித் துப்பாக்கியை நிஜத் துப்பாக்கியா மாத்துறதை நம்ம சட்டம் 6ஆவது பிரிவுல தனியாகவே சொல்லுது. 2019க்கு அப்புறம் அதுக்குக் குறைந்தபட்சம் 7 வருஷம், அதிகபட்சம் ஆயுள் தண்டனை. இவ்வளவு கடுமை எதுக்குன்னு கேட்டா, ஐரோப்பாவைப் பாருங்க. ஸ்லோவாக்கியாவுல சத்தம் மட்டும் வர்ற மாதிரி மாத்தி வித்த துப்பாக்கிகளைத் திரும்பச் சுட வச்சு, 2015 ஜனவரி பாரிஸ் தாக்குதல்ல பயன்படுத்தினாங்க. அதே வருஷம் ஐரோப்பிய ஒன்றியம் செயலிழக்க வைக்கிறதுக்கே பொதுவான தொழில்நுட்பத் தரத்தைக் கொண்டு வந்தது.

இன்னொண்ணு, மாடலைக் கையில பிடிச்சு ரோட்ல ரீல்ஸ் எடுக்காதீங்க. எதிர்ல நிக்கிற கான்ஸ்டபிளுக்கு அது துத்தநாகம்னு பத்தடி தூரத்திலிருந்து தெரியாது.

பரண் துப்பாக்கிக்கு: இதுதான் முக்கியம். வரிசையா சொல்றேன்.

முதல்ல, தொடாதீங்க. மஸில் லோடர்ல ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கடைசியா மருந்து போட்டவர் அதைச் சுடாம மாட்டி வச்சுட்டுப் போயிருப்பார். தோட்டாவா இருந்தா வெளியே எடுத்துடலாம். இதுல உள்ளே கெட்டிச்சது உள்ளேயே இருக்கும். கருமருந்து காஞ்ச இடத்துல நூறு வருஷம் ஆனாலும் உயிரோட இருக்கும். 2008ல் அமெரிக்காவோட விர்ஜீனியாவுல ஒரு அனுபவசாலி சேகரிப்பாளர், உள்நாட்டுப் போர் காலத்துப் பீரங்கிக் குண்டைச் சுத்தம் பண்ணும்போது அது வெடிச்சு இறந்து போனார். போர் முடிஞ்சு 140 வருஷத்துக்கு மேல ஆகியிருந்தது. அதனால ட்ரிகரை இழுத்துப் பார்க்கிறது, குழல்ல கண்ணை வச்சுப் பார்க்கிறது, சூடு காட்டித் துருவை எடுக்கிறது, வெல்டிங் கடைக்குக் கொண்டு போறது எதுவும் கூடாது. குழந்தைகளை அந்த ரூம் பக்கமே விடாதீங்க.

இரண்டாவது, இருக்கிற இடத்திலேயே நாலு பக்கமும் போட்டோ எடுங்க. குழல்ல இருக்கிற முத்திரை, எண், பெயர் எல்லாம் தெரியணும். அந்த போட்டோவை குரூப்ல போடாதீங்க.

மூணாவது, தாத்தாவோட பழைய லைசன்ஸ் புத்தகத்தைத் தேடுங்க. பீரோ, பத்திரப் பெட்டி, பூஜை ரூம் டிரங்க் பெட்டி எல்லாம் பாருங்க. கிடைச்சா பாதிப் பிரச்சனை தீர்ந்தது. லைசன்ஸ்தாரர் இறந்துட்டா சட்டபூர்வ வாரிசு விண்ணப்பிக்க 2016 ஆயுத விதிகள்ல வழி இருக்கு. தாத்தா உயிரோட இருக்கும்போதே கூட, அவருக்கு 70 வயசு ஆயிட்டாலோ 25 வருஷம் வச்சிருந்தாலோ, வாரிசு பேருக்கு மாத்தக் கேட்கலாம். இதைக் கேட்கிறவங்க யாராவது தாத்தாவோட உட்கார்ந்திருந்தா, இன்னிக்கே பேசிடுங்க. அவர் இருக்கும்போது ஒரு கையெழுத்துல முடியுற வேலை, அவர் போனப்புறம் வாரிசுச் சான்றிதழ், உறவினர் சம்மதம்னு வருஷக்கணக்குல இழுக்கும்.

நாலாவது, தாமதிக்காம ஒப்படைங்க. சட்டபூர்வமா வச்சிருக்க முடியாத நிலை வந்தா, தேவையில்லாத தாமதம் இல்லாம பக்கத்துக் காவல் நிலையத்திலயோ லைசன்ஸ் உள்ள வியாபாரிகிட்டயோ ஒப்படைக்கணும்னு 21ஆவது பிரிவு சொல்லுது. "ஸ்டேஷனுக்கு எடுத்துட்டுப் போனா பிடிச்சு உள்ள போட்டுடுவாங்களோ"ன்னு பயம் வரும். நியாயமான பயம்தான். அதனால நீங்களே தூக்கிட்டுப் போக வேண்டாம். வீடு இடிக்கும்போது கிடைச்சது, மருந்து உள்ள இருக்கலாம், வந்து எடுத்துக்கோங்கன்னு எழுத்துல ஒரு மனு கொடுங்க. வக்கீலைக் கூட்டிட்டுப் போங்க. ரசீது வாங்குங்க. ரசீது இல்லாம பொருள் கை மாறக் கூடாது. அப்புறம் லைசன்ஸுக்கோ, பழம்பொருள்னு விலக்குக்கோ விண்ணப்பிக்கலாம். சென்னை மாதிரி மாநகரத்துல போலீஸ் கமிஷனர், மாவட்டத்துல கலெக்டர் அலுவலகம்.

செய்யக் கூடாதது மூணு: கிணத்துல போடுறது, பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்கிறது, நெட்ல விக்கிறது. மூணாவது மூணுலயும் மோசம். லைசன்ஸ் இல்லாம விக்கிறதுக்கும் அதே 7 வருஷத்திலிருந்து ஆயுள் வரைதான்.

துப்பாக்கி இல்லாமலே துப்பாக்கி சேகரிக்கலாம்

இவ்வளவு கேட்டதும் ஆர்வமே போயிருக்கும். போக வேண்டாம். இந்த ஆர்வத்தோட பெரும்பகுதி இரும்பைச் சொந்தமாக்கிக்கிறதுல இல்ல.

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துல ஆயுதப் பிரிவு இருக்கு. தஞ்சாவூர் அரண்மனை ஆயுதசாலையிலிருந்தும் புனித ஜார்ஜ் கோட்டை ஆயுதக் கிடங்கிலிருந்தும் வந்தவை அங்க இருக்கு. கோட்டைக்குள்ளயே இருக்கிற தொல்லியல் துறை அருங்காட்சியகமும் பாருங்க. ஹைதராபாத் சாலார் ஜங், ஜோத்பூர் மெஹ்ரான்கட் ரெண்டும் போக வேண்டிய இடங்கள். லீட்ஸ்ல இருக்கிற ராயல் ஆர்மரீஸ் தன்னோட சேகரிப்பை ஆன்லைன்ல வச்சிருக்கு. ஒரு தொராதாரை எடுத்துக்கோங்க. எங்க செஞ்சது, குழல்ல என்ன வேலைப்பாடு, திரி எந்தப் பக்கம் இறங்குது, எந்தப் போர்ல யார் கையில இருந்ததுன்னு தேடுங்க. ஒரு ஸ்ப்ரெட்ஷீட்ல ஐம்பது துப்பாக்கியைப் பத்தி இப்படி எழுதி வச்சா, சுவர்ல ரெண்டு மாட்டினவரை விட உங்ககிட்ட நல்ல சேகரிப்பு இருக்கும்.

தொட்டு வச்சிருக்கப் பொருள் வேணும்னா, மருந்து இல்லாத பழைய மருந்துக் கொம்பு, தோல் பை, பழைய ராணுவப் பயிற்சிக் கையேடு, வேட்டைக் கடைகளோட பழைய விலைப் பட்டியல் எல்லாம் தேடலாம். நூறு வருஷம் தாண்டினதா இருந்தா தொல்பொருள் சட்டத்தை மட்டும் மறக்காதீங்க. துப்பாக்கியோட பாகங்கள் பக்கம் போகாதீங்க. தனித்தனி பாகமா வாங்கி ஒண்ணு சேர்க்கிறதைச் சட்டம் வேற கண்ணுல பார்க்கும். கருமருந்து செய்யறது, 3டி பிரின்டர்ல முயற்சி பண்றது, இது எதுவும் ஹாபி இல்ல, கேஸ்.

கடைசியா ஒண்ணு. பழைய துப்பாக்கியை வாங்குறதுக்கு முன்னாடி எதைக் கேட்கணும்னு ஒரே வரியில சொல்லச் சொன்னா இதைத்தான் சொல்வேன்: "எவ்வளவு பழசு?"ன்னு கேட்காதீங்க, "சுடுமா, அதுக்குப் பேப்பர் எங்க?"ன்னு கேளுங்க. பேப்பர் இல்லைன்னா போட்டோ எடுத்துட்டு வந்துடுங்க. போட்டோவுக்கு லைசன்ஸ் வேண்டாம்.

உங்க வீட்ல பழைய லைசன்ஸ் புத்தகம் ஏதாவது இருந்தா, பேரையும் எண்ணையும் மறைச்சுட்டு ஒரு படம் அனுப்புங்க. அதுல இருக்கிற முத்திரையையும் எழுத்தையும் வச்சு ஒரு சின்ன எபிசோடு பண்ணலாம்னு இருக்கேன். அடுத்த வாரம் பழைய ரேடியோ. அதுக்கும் ஒரு காலத்துல லைசன்ஸ் இருந்தது, தெரியும்ல? பார்க்கலாம்.